முட்டி வலிக்குக் குங்கிலியமா? எந்தக் குங்கிலியம்?

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டி ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒன்று, இரண்டு என்று உற்சாகமாக எண்ண ஆரம்பிக்கிற பிள்ளைகள் பாதியிலேயே அம்மா மடியில் சாய்ந்துவிடும். மேலே வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் இறங்கி, வல்வில் ஓரி சிலையைப் பார்த்து, ஆளுக்கொரு சூடான டீ குடித்த பிறகுதான் தலைசுற்றல் நிற்கும்.

அதற்கப்புறம் கண்ணில் படுவதெல்லாம் மலைச்சரக்குதான். மிளகு, காபிக்கொட்டை, தேன், அன்னாசி, பலா... நடுவிலே பழுப்பு ரோமம் போர்த்தின ஆட்டுக்கால் மாதிரி ஒரு கிழங்கு. அதுதான் பேர்பெற்ற முடவாட்டுக்கால் கிழங்கு. "சூப் வெச்சுக் குடிங்கம்மா, முட்டி வலி பறந்துடும்" என்பார்கள்.

சித்தர்கள் உலவிய மலை என்று கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே விற்கிற எந்தப் பொருளின் மேலும் நமக்குத் தனியாக ஒரு நம்பிக்கை வந்துவிடும். இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கிழங்கு வாங்கப் போன உங்கள் கையில் ஒருவர் மஞ்சளும் பழுப்புமாகச் சில கட்டிகளை வைக்கிறார். "இது குங்கிலியம்மா. பொடி பண்ணிப் பால்ல போட்டுக் குடுங்க. மூட்டு வலி, வாதம் எல்லாம் ஓடிடும்." வீட்டில் பெரியம்மா ஞாபகம் வருகிறது. மாடிப்படி ஏற முடியாமல், பூஜை அறையில் தரையில் உட்கார முடியாமல் தவிக்கிறார். வாங்கிவிடுகிறீர்கள்.

கொடுக்கலாமா, கூடாதா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன்பு இன்னொரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். அது எந்தக் குங்கிலியம்?

தாலியை விற்று வாங்கிய பொருள்

குங்கிலியம் நமக்குப் புதிதல்ல. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவருக்குக் குங்கிலியக்கலயர் என்றே பெயர். திருக்கடவூர்க்காரர். வீட்டில் நெல் வாங்கப் பணமில்லாமல் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக்கூடக் குங்கிலியமாக மாற்றிக் கோயிலில் தூபம் போட்டவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அத்தனை பழைய சொந்தம்!

கோயிலில் புகைந்தது வைத்தியர் வீட்டுக்கும் வந்தது. சித்த மருத்துவத்தில் குங்கிலிய பற்பம் உண்டு. இளநீர் சேர்த்து முறைப்படி செய்கிற இதை நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல் போன்ற தொந்தரவுகளுக்குக் கொடுப்பார்கள். நல்லெண்ணெயில் குங்கிலியத்தை உருக்கி, தண்ணீர் விட்டு வெண்ணெய் பதத்துக்குக் கொண்டு வருவது குங்கிலிய வெண்ணெய். தீப்புண்ணுக்கும் மூலத்துக்கும் மேலே தடவுவது. ஒன்றைக் கவனித்தீர்களா? கட்டியை உடைத்து அப்படியே பாலில் போடுகிற வேலை இரண்டிலும் இல்லை. சுத்தி, பக்குவம், அளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள்.

பெருங்காயம் கற்றுத்தரும் பாடம்

இனி ஒரு சின்ன சமையலறைப் பாடம். மரத்தைக் கீறினால் வடிந்து இறுகுவதை நாம் பொதுவாகப் பிசின் என்கிறோம். அதில் மூன்று ரகம் இருக்கிறது.

முதல் ரகம், தண்ணீரில் ஊறி உப்புவது அல்லது கரைவது. பாதாம் பிசினும் கருவேலம் பிசினும் இந்த வகை. இது வெறும் கோந்து.

இரண்டாவது, தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காதது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். நெருப்பில் போட்டால் குப்பென்று புகையும். ஆங்கிலத்தில் ரெசின் என்பது இதைத்தான். படகு விரிசலை அடைக்கவும் வார்னிஷ் செய்யவும் பயன்படுத்தினார்களே, அந்தக் குங்கிலியம் இந்த ரகம்.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறப்போட்டால் பால் மாதிரி கலங்கி வருகிறதல்லவா? கோந்துப் பகுதி கரைந்து, கரையாத ரெசினைத் துளித்துளியாகத் தாங்கிப் பிடிப்பதால் வரும் வெண்மை அது. குக்குலுவும் சல்லகியும் பெருங்காயத்தின் இந்த ஜாதிதான்.

ஒரே பெயர், பல மரம்

வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் "குங்கிலியம்" என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு வேறு சரக்கு வரலாம்.

வெள்ளைக் குங்கிலியம்: வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் காடு காடாக நிற்கும் சால மரத்திலிருந்து வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைப் பயின் மரத்துப் பிசினுக்கும் இதே பெயர்தான்.

கருங்குங்கிலியம்: மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓங்கி வளரும் மரம். பெயருக்கேற்றபடி கறுப்பாகப் பளபளக்கும் கட்டி. தாவரவியலில் கனேரியம் ஸ்ட்ரிக்டம்.

சல்லகி: பறங்கிச் சாம்பிராணி, குந்துருக்கம் என்றும் சொல்வார்கள். சில இடங்களில் இதையும் குங்கிலியம் என்றே அழைக்கிறார்கள். மழை குறைந்த இலையுதிர் காட்டு மரம். தாவரவியல் பெயர் போஸ்வெல்லியா செராட்டா. அரபு நாட்டுச் சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தம்பி!

குக்குலு: குங்குலு என்றும் சொல்வதால் காதில் குங்கிலியம் மாதிரியே விழும். ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலத்து முட்செடி.

சாம்பிராணி: வீட்டில் வெள்ளிக்கிழமை போடுகிறோமே, அதில் ஒரு ரகம் சுமத்ரா தீவிலிருந்து வருவது.

பார்த்தீர்களா? மலைக்கடையில் விற்கிற பொருளெல்லாம் அந்த மலையில் விளைந்ததாக இருக்க வேண்டியதில்லை. ராஜஸ்தான் சரக்கும் கடல் கடந்த சரக்கும் 70 வளைவு ஏறி அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

இதில் முட்டி வலிக்கு மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்து, ஓரளவு நல்ல சாட்சியம் கிடைத்திருப்பது சல்லகி ஒன்றுக்குத்தான். கருங்குங்கிலியத்துக்கும் வெள்ளைக் குங்கிலியத்துக்கும் பழக்கத்தின் பெருமை இருக்கிறது. மூட்டு வலியில் அந்த மாதிரி பரிசோதனை பலம் இல்லை.

சல்லகிக்கு என்ன சாட்சி?

1986-ம் வருடம். ஜம்முவிலுள்ள மண்டல ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த சிங், அடல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சல்லகிப் பிசினின் சத்தை எடுத்து மிருகங்களிடம் சோதித்து, வீக்கத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதை உலகம் கவனித்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அம்மோன் குழுவினர் அதன் சூட்சுமத்தைப் பிடித்தார்கள்.

சூட்சுமம் இதுதான். மூட்டில் அழற்சி வந்தால் நம் உடம்பு இரண்டு வாசல் வழியாக வீக்கத்தை வளர்க்கிறது. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஒரு வாசலை மூடுகின்றன. அதே வாசல் வயிற்றின் உட்சுவருக்குப் பாதுகாப்பும் தருவதால், தொடர்ந்து விழுங்கினால் வயிற்றுப் புண் வருகிறது. சல்லகியில் இருக்கும் போஸ்வெல்லிக் அமிலங்கள் இன்னொரு வாசலில், லைப்பாக்ஸிஜினேஸ் என்கிற நொதியிடம் வேலை செய்கின்றன. 2020-ல் அந்த அமிலங்களில் ஒன்று நொதியின் எந்தப் பக்கத்தில் போய் ஒட்டுகிறது என்பதையே அமெரிக்க, ஜெர்மானிய விஞ்ஞானிகள் படமாக்கிக் காட்டிவிட்டார்கள்.

"அதெல்லாம் சோதனைக் குழாயில சரி. என் முட்டிக்கு?" என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி!

2003-ல் நாக்பூர் டாக்டர்கள் முட்டித் தேய்மானம் உள்ள 30 பேரிடம் பரிசோதித்தார்கள். 333 மில்லிகிராம் சல்லகிச் சத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை, 8 வாரம். பாதிப் பேருக்கு முதலில் மருந்து. மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட காலத்தில் வலி குறைந்தது, முட்டி கூடுதலாக மடங்கியது, நடக்கிற தூரம் கூடியது. ஆனால் எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை. அதாவது வலி தணிந்தது; தேய்ந்த எலும்பு திரும்ப வளரவில்லை. "தேய்மானத்தையே சரி பண்ணிடும்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

2008-ல் இன்னொரு இந்திய ஆய்வு, 75 பேரிடம், 90 நாள். போஸ்வெல்லிக் அமிலத்தில் வீரியமான பகுதியை அதிகப்படுத்திய சத்தைக் கொடுத்தார்கள். அதிலும் வலி குறைந்தது. இப்படி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2014-ல் கணக்குப் போட்டது. வலிக்கு 100 மார்க் என்று வைத்துக் கொண்டால், வீரியம் கூட்டிய சத்தை 90 நாள் எடுத்தவர்கள் தங்கள் வலிக்குப் போட்ட மார்க் 23. வெற்று மாத்திரைக்காரர்கள் போட்டது 40. அந்த 17 மார்க் வித்தியாசம், குளியலறைக்குச் சுவரைப் பிடிக்காமல் போகிற வித்தியாசமாக இருக்கலாம். சின்ன லாபமில்லை. ஆனால் ஆய்வுகள் சிறியவை, சிலவற்றில் தயாரிப்பாளரின் பங்கும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோற்ற இடங்களும் உண்டு

முட்டித் தேய்மானம் வேறு, கை விரல் மூட்டெல்லாம் வீங்கும் முடக்கு வாதம் வேறு. 1998-ல் ஜெர்மனியில் முடக்கு வாதக்காரர்கள் 37 பேருக்குச் சல்லகிச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான பலன் இல்லை. கிரோன்ஸ் என்கிற குடல் நோய் அடங்கியபின் திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்த்த 2011-ம் வருட ஜெர்மன் ஆய்விலும் வெற்று மாத்திரையை அது ஜெயிக்கவில்லை.

ஆஸ்துமாவில் 1998-ல் வந்த ஓர் இந்திய ஆய்வு நம்பிக்கை தந்தது. 6 வாரம் சல்லகி சாப்பிட்ட 40 பேரில் 70 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் ஒரு சின்ன ஆய்வை நம்பி இன்ஹேலரைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். இன்னொன்று: அது உள்ளுக்குச் சாப்பிட்ட மருந்து. குங்கிலியப் புகை போட்டால் ஆஸ்துமா தீரும் என்று அர்த்தமில்லை. இளைப்பு உள்ளவர்களுக்கு எந்தப் புகையும் எதிரிதான்!

குக்குலு சொன்ன கதை

ஒரு பிசினை எப்படி நம்புவது, எப்போது சந்தேகப்படுவது என்பதற்குக் குக்குலு நல்ல உதாரணம்.

1966-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி என்ற பெண்மணி ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வு செய்தார். கொழுப்பு மிகுந்து வரும் நோயைப் பற்றியும் குக்குலுவைப் பற்றியும் சுசுருத சம்ஹிதையில் சொல்லியிருப்பதை எடுத்துக்கொண்டு, கொழுப்பு ஊட்டிய முயல்களுக்குக் குக்குலு கொடுத்துப் பார்த்தார். கொழுப்பு குறைந்தது! பிறகு லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம் அதைக் கையில் எடுத்தது. 1980-களின் பிற்பகுதியில் கொலஸ்ட்ராலுக்கான மருந்தாகவே குக்குலு இந்தியச் சந்தைக்கு வந்தது. பழைய ஏட்டிலிருந்து மருந்துக்கடை வரை... பெருமைப்பட வேண்டிய பயணம்தான்.

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக டாக்டர்கள் 103 பேருக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்தபோது கதை திரும்பியது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 5 சதவீதம் குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கோ 4, 5 சதவீதம் ஏறியது! சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது.

ஒரே ஓர் ஆய்வால் பழைய அனுபவம் முழுக்கப் பொய்யாகிவிடாது. ஆனால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குக்குலுவை நம்பி இருக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்ற பதில் அங்கே கிடைத்துவிட்டது. அதோடு, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், டில்டியாஸெம் மாத்திரைகள் உடம்பில் சேரும் அளவைக் குக்குலு குறைத்துவிடும் என்பதும் தெரிய வந்திருக்கிறது.

சரி, பெரியம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பெயர் தெரியாத கட்டியைப் பொடி செய்து கொடுக்க வேண்டாம். சல்லகி கொடுத்துப் பார்க்க ஆசையா? இதையெல்லாம் கவனியுங்கள்:

● முதலில் முட்டியை டாக்டரிடம் காட்டி, அது தேய்மானம்தானா என்று உறுதி செய்யுங்கள். ஒரு முட்டி மட்டும் சிவந்து, சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி, ஒரு மணி நேரம் விறைத்திருந்தால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் மூட்டு கோணாமல் தப்பும்.

● ஆய்வுகளில் கொடுத்தது அளந்து எடுத்த சத்து. பச்சைக் கட்டி அதற்குச் சமமில்லை. வாங்குகிற டப்பாவில் போஸ்வெல்லியா செராட்டா என்ற பெயர், எத்தனை மில்லிகிராம் சத்து, அதில் போஸ்வெல்லிக் அமிலம் எத்தனை சதவீதம், தயாரிப்பு உரிம எண், காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

● வெறும் வயிற்றில் வேண்டாம். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டுடன் எடுத்தால் ரத்தத்தில் அதிகம் சேருகிறது. மருந்தை நெய்யில் குழைத்துக் கொடுத்த நம் வைத்தியர்கள் விவரமானவர்கள்தான்!

● நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

● 2, 3 மாதம் பார்த்தும் பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம். வருடக்கணக்கில் விழுங்க வேண்டியதில்லை.

● "ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு" என்று சொல்ல வைக்கும் பெயரில்லாத பொட்டலங்களிடம் ரொம்ப ஜாக்கிரதை! மூலிகை என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்ற சம்பவங்கள் நிறைய. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 10 எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். தொடைச் சதை உறுதியானால் முட்டிக்கு ஊன்றுகோல் கிடைத்த மாதிரி. உடம்பு கொஞ்சம் பருமனா? எடையில் 1 கிலோ குறைந்தால், வைக்கிற ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு 4 கிலோ பாரம் குறைகிறது. எந்தப் பிசினும் இந்தக் கணக்கை ஜெயிக்க முடியாது.

மரத்துக்கும் வலிக்கும்

கடைசியாக ஒரு வார்த்தை. பிசின் என்பது மரத்தின் காயத்தில் வடிவது. தன் புண்ணுக்கு அது தானே போட்டுக்கொள்ளும் மருந்து. நமக்கு வேண்டுமென்று ஆழமாகவும் அடிக்கடியும் வெட்டினால் மரம் தாங்காது. அளவுக்கு மீறி எடுத்ததில் குக்குலு செடி இன்று உலகின் மிக அபாய நிலைத் தாவரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நீலகிரிக் காடுகளில் கருங்குங்கிலியம் எடுக்கும் விதத்தைப் பற்றி 2008-ல் தனி ஆய்வே வெளிவந்திருக்கிறது. தானாக வடிவதை மட்டும் எடுக்கிற இடமும் உண்டு. மரத்தைக் காயப்படுத்தி வடிய வைக்கிற இடமும் உண்டு.

அடுத்த தடவை செம்மேட்டில் இறங்கும்போது மிளகு வாங்குங்கள், தேன் வாங்குங்கள், பலாப்பழம் பருவமாக இருந்தால் தாராளமாக ஒரு பழம் தூக்கிக் கொள்ளுங்கள். யாராவது குங்கிலியக் கட்டியை நீட்டினால் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "இது எந்த மரத்துப் பிசின்? எங்கிருந்து வருது?" தெளிவாகப் பதில் வந்தால், வாசனைக்கு வாங்கி வெள்ளிக்கிழமை தூபம் போடுங்கள். பெரியம்மா முட்டிக்கு வேண்டிய மருந்தை, பெயரும் அளவும் போட்ட டப்பாவில், அவருடைய மற்ற மாத்திரைகளைப் பற்றியும் தெரிந்த டாக்டர் கையால் வாங்கிக் கொள்ளலாம்.